ஆறு நாட்களின் சமயம்

சமூக மாற்றத்தை வேண்டி நிற்கும் இலக்கிய ஏடொன்றிற் சமய வாழ்வைப் பற்றி எழுத முற்படுபவன் இரு சாராரின் முகச்சுளிப்புக்கும் ஆளாக வேண்டியவனே. "இந்தக் காலத்தில் இதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிற் பலர் எந்தத் தெய்வத்தையும் வணங்காதவர்கள். ஆயினும், உழைப்பவனின் கூலியில் ஒரு சதம் குறையக் காணினும் கொதித்தெழுபவர்கள். "சமயத்தைப் பற்றி எழுதுவதாயின் சபைப் பத்திரிகையில் எழுதலாமே, அவர்களுடைய ஏட்டில் ஏன் எழுதுகிறீர்?" என்று கேட்கும் சபையாரும் உண்டு. அவர்கள் ஞாயிறு தவறாது ஆராதனைக்கு வருபவர்கள்; காணிக்கைத் தட்டில் தாராளமாக இடுபவர்கள்; கூலியைப் பற்றிய பேச்சு எழுந்தால் மட்டும், அது அரசியல் என்று ஒதுங்கிக்கொள்பவர்கள். இவ்விரு கூட்டத்தாரும் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருக்கின்றனர். இவர்களிடையே நாள்தோறும் நடமாடும் ஒருவன் என்ற முறையிலேயே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலை ஒன்றில் இடைநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவன். பிறப்பினால் வந்த சமயத்தை வளர்ந்த பின் அறிவினால் ஆராய்ந்து, ஐயங்கள் பல இருந்தும் கைவிடாது வைத்திருப்பவன். வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்கு உரியதாயின், எஞ்சிய ஆறு நாட்களும் யாருக்கு உரியவை என்ற வினா நெடுங்காலமாக என் மனத்தை அரித்து வருகின்றது. பாடசாலை, கடை, தோட்டம், கந்தோர், வங்கி, வீட்டு அடுக்களை ஆகிய இவையெல்லாம் அந்த ஆறு நாட்களுக்கு உரியவை. ஒருவன் கிறிஸ்தவனாக இருப்பதும் இல்லாமற்போவதும் அங்கேதான் என்பது என் துணிபு.

தமிழிலே 'நாணயம்' என்றொரு சொல் உண்டு. காசைக் குறிக்கும் அச்சொல்லே நேர்மையையும் குறிக்கின்றது. மொழி படிப்பவனுக்கு இது சிந்தனைக்குரியது. ஒரு காசு நல்ல காசா, கள்ளக் காசா என்பது அது பெட்டியிற் கிடக்கும்போது தெரிவதில்லை, கைமாறும்போதே தெரியும். மனிதனின் நேர்மையும் அத்தகையதே. அறைக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் எத்துணைத் தூயவனாக இருப்பினும், பிறரோடு கொடுக்கல் வாங்கல் செய்யுமிடத்தே அவனது நாணயம் சோதிக்கப்படுகின்றது. நேர்மையைத் தனிமனிதனின் உள்ளத்து அணிகலனாகக் கருதுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

நமது சபைகளிலே பாவங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. சிறு வயதில் ஓய்வுநாட் பாடசாலையில் அதை நாம் மனனஞ் செய்தோம். குடித்தல், புகைத்தல், சூதாடல், களியாட்டங்களுக்குச் செல்லல், ஆராதனையைத் தவறவிடல் என்பன அப்பட்டியலில் இருந்தன. இவை தீமையற்றவை என்று நான் வாதிட வரவில்லை. குடியினால் அழிந்த குடும்பங்களை ஆசிரியனாகிய நான் வகுப்பறையிலேயே காண்கின்றேன். ஆயினும், அப்பட்டியலில் இடம்பெறாதவை எவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவளுக்குக் கூலியை இழுத்தடித்தல் அதில் இல்லை. நிறையிற் குறைத்தல் இல்லை. பதுக்கி விற்றல் இல்லை. சாதி பார்த்தல் இல்லவே இல்லை. தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் பாவங்களுக்கு நீண்ட பட்டியல் வைத்துள்ள நாம், பிறனைக் கெடுக்கும் பாவங்களை விட்டுவிட்டோம்.

வேதாகமம் இவ்வாறு செய்யவில்லை. அயலானைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டும் என்ற கட்டளையைக் கிறிஸ்தவர் யாவரும் அறிவர். சுவர்களில் எழுதித் தொங்கவிடப்படும் கட்டளை அது. ஆனால் அது லேவியராகமத்தின் 19 ஆம் அதிகாரத்தில் எவற்றினிடையே அமைந்திருக்கின்றது என்பதைப் பலர் நோக்குவதில்லை. அதே அதிகாரத்தில், வயலை முற்றாக அறுக்காது ஓரங்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்கும்படி சொல்லப்படுகின்றது. கூலிக்காரனின் கூலியை மறுநாட் காலைவரை வைத்திருத்தல் தடுக்கப்படுகின்றது. தராசும் படியும் சரியாக இருக்க வேண்டும் என்று விதிக்கப்படுகின்றது. கூலிக்கும் தராசுக்கும் நடுவே வைத்துச் சொல்லப்பட்ட அன்பை, நாம் அங்கிருந்து பெயர்த்தெடுத்துச் சட்டமிட்டு விறாந்தையில் மாட்டிவைத்துவிட்டோம்.

உள்ளொரு வாழ்வும் புறமொரு வாழ்வுமாக நாம் பழகிப்போனதற்கு நமது மண்ணின் வரலாற்றிலே காரணம் உண்டு. 1658 இலிருந்து 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் காலத்தில், தேவாலயத்தோடு இணைந்த பாடசாலைகளிலேயே பிறப்பும் விவாகமும் பதியப்பட்டன. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை. ஆகவே, உத்தியோகத்தையும் சொத்துரிமையையும் காத்துக்கொள்வதற்காக மக்கள் பெருந்தொகையாகப் பெயரைப் பதிந்தனர்; வீட்டுக்குள்ளே தம் பழைய தெய்வங்களை வணங்கினர். ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் நீங்கியதும், பதிவேட்டிலிருந்த கிறிஸ்தவர்கள் பனிபோல மறைந்தனர். அம்மக்களை நான் குறைகூறேன். பிழைக்கும் வழியின் வாசலிலே சமயத்தைக் காவல் வைத்த அதிகாரமே அவர்களைப் பொய்யராக்கியது. பொய் சொன்னவனைப் பார்ப்பதற்கு முன் பொய்யைத் தேவையாக்கியவனைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அவ்வரலாறு எனக்குக் கற்பித்தது.

பின்னர் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், 1824 இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். அவர்களாற் கல்வி வளர்ந்தது, அச்சு வளர்ந்தது, தமிழ் உரைநடையும் பயன்பெற்றது. இவற்றை மறுப்பது நன்றி மறத்தலாகும். எனினும், கல்வியையும் உத்தியோகத்தையும் நாடிச் சமயத்தை மேற்கொண்டோர் அக்காலத்திலும் இருந்தனர். இச்சூழலிலே நேர்மைக்கு எடுத்துக்காட்டாக ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின், கிறிஸ்தவனாகிய நான் ஒரு சைவரையே சொல்வேன். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் உதவியவர் ஆறுமுக நாவலர். தாம் நம்பாத ஒன்றின் நிழலிலே வாழ விரும்பாது 1848 இல் அவர் அப்பதவியைத் துறந்தார்; அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சாதி பற்றிய அவரது நிலைப்பாட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஆயினும், சம்பளம் ஒருபுறமும் மனச்சாட்சி மறுபுறமுமாக நின்றபோது எதனைத் தெரிவு செய்தார் என்பது கிறிஸ்தவருக்கும் பாடமாகும்.

நம்மவருள்ளும் அத்தகையோர் இல்லாமலில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை 1879 இல் வெளியிட்டவர் என்பதை மாணவர் யாவரும் அறிவர். நீதிமன்றத்திலிருந்து கொண்டே கைக்கூலியைக் கண்டித்து எழுதிய கத்தோலிக்கர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே. யாழ்ப்பாணத்திலே, 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். சாதிப் பாகுபாட்டை எதிர்த்தும் அனைத்துச் சமயத்தாரையும் ஒன்றுசேர்த்தும் இயங்கிய அவ்வமைப்பே 1927 இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. அவரைப் பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றது. ஒருவருடைய சமயத்தின் தரம் பிற சமயத்தார் அவர்மீது வைக்கும் நம்பிக்கையால் அளக்கப்படுமாயின், இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

பழங்கதைகளை விட்டு நம் கண்முன் நடந்தவற்றுக்கு வருவோம். 2022 ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அந்நியச் செலாவணி வற்றியது. ஏப்பிரல் மாதத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மண்ணெண்ணெய் இன்றிக் கடற்றொழிலாளரின் படகுகள் கரையிற் கிடந்தன. பால்மா ஒரு பைக்கற்று வாங்குவதற்குத் தாய்மார் கடைகடையாக அலைந்தனர். அந்நாட்களில் எல்லாக் கடைகளும் வெறுமையாக இருந்தனவா? கடையின் முன்பக்கம் வெறுமையாகவும் பின்பக்கம் நிறைவாகவும் இருந்ததை ஊரார் அறிவர். நாளை விலை ஏறும் என்பதற்காக இன்று இல்லையென்று சொன்ன வாய்களுட் சில, ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவிலும் பாடின.

இதனைக் கண்டபோது எனக்கு ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூல் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ 2700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த மேய்ப்பன், தன் காலத்து வணிகரைப் பற்றிக் கூறுவதைப் படிப்போர் அவன் நமது சந்தையிலே நின்று பேசுகின்றானோ என்று வியப்பர். ஓய்வுநாள் எப்பொழுது முடியும், தானியத்தை எப்பொழுது விற்கலாம் என்று அவ்வணிகர் காத்திருக்கின்றனர். படியைச் சிறிதாக்கி, விலையைப் பெரிதாக்கி, பதரையும் சேர்த்து விற்கின்றனர். கவனிக்க வேண்டியது யாதெனில், அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. ஒழுங்காக அனுசரிக்கின்றனர். கடையைப் பூட்டிவிட்டு ஆலயத்தில் இருந்துகொண்டே அடுத்த நாளின் இலாபத்தைக் கணக்கிடுகின்றனர். தீர்க்கதரிசியின் சினம் நாத்திகர் மீதன்று; இத்தகைய பக்தர்கள் மீதே பாய்கின்றது.

இனி, நான் உழைத்து உண்ணும் தொழிலுக்கு வருகின்றேன். பிறர் தொழிலைப் பற்றிப் பேசி, தன் தொழிலை மறைப்பவன் எழுத்தை வாசகர் நம்ப வேண்டியதில்லை.

குடாநாட்டில் இன்று பாடசாலைக்கு இணையாக, சில இடங்களில் அதனை விஞ்சியும், தனியார் கல்வி நிலையங்கள் நடைபெறுகின்றன. காலையிற் பாடசாலையில் ஒரு பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரே மாலையில் அதே மாணவருக்குக் கட்டணம் பெற்று அதே பாடத்தைக் கற்பிப்பதுண்டு. இதன் பொறிமுறையை அறியாதார்க்குச் சொல்கின்றேன். காலையிற் பாடம் அரைகுறையாக நிற்கும். மாலையில் முழுமை பெறும். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிப்பவரும் அவரே. ஆதலால் மாலை வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு எதைப் படிக்க வேண்டும் என்பது எவரும் சொல்லாமலே தெரிந்துவிடும். பணமில்லாத பிள்ளை இரண்டாந்தரப் பிள்ளையாகின்றது. 1945 இற் கிடைத்த இலவசக் கல்வி, இவ்வாறு பின்வாசலால் விலைக்கல்வியாகின்றது.

என் வகுப்பு மாணவரிடம் பணம் பெற்றுக் கற்பிப்பதில்லை என்று, ஆசிரியத் தொழிலில் நுழைந்த நாளிலேயே ஒரு விதியை எனக்கு விதித்துக்கொண்டேன். இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. இதன் விலையைச் சொல்லவே குறிப்பிடுகின்றேன். ஆசிரியரின் சம்பளம் எத்தகையது என்பது நாடறிந்தது. சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி 2021 இல் ஆசிரியரும் அதிபரும் மாதக்கணக்கிற் போராடினர். அப்போராட்டத்தில் நானும் நின்றேன். வீடு கட்டப் பெற்ற வங்கிக் கடன் மாதந்தோறும் சம்பளத்திலே கழிகின்றது. என் மனைவியின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடகுக் கடையை நன்கு அறிந்தவை. ஒருநாள் அவர் சொன்னார்: "நீங்கள் செய்யிறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் உங்கட கொள்கைக்கு வட்டி கட்டுறது என்ரை காப்பு எண்டதையும் மறந்துபோடாதேங்கோ."

அச்சொற்கள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. ஒருவனின் நேர்மைக்கு உரிய விலையை அவன் ஒருவனே செலுத்துவதில்லை. அவனோடு வாழ்வோரும் செலுத்துகின்றனர். சிலவேளைகளில் அவனிலும் அதிகமாகச் செலுத்துகின்றனர். ஆகவே, வீட்டாரோடு கலந்து, அவர்கள் சம்மதத்தோடு மேற்கொள்ளப்படாத நேர்மை ஒருவகை அதிகாரமாக மாறிவிடக்கூடும். நாங்கள் இருவரும் கணக்கை முன்னே வைத்துக்கொண்டு பேசினோம். பிற பாடசாலைகளைச் சேர்ந்த உயர்தர மாணவருக்கு வாரத்தில் இரு வகுப்புகள் நடத்துவதென்றும், என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சதமும் பெறுவதில்லையென்றும் முடிவு செய்தோம். இன்றுவரை அதுவே எங்கள் வீட்டுச் சட்டம். மாலை வகுப்பு நடத்தும் சக ஆசிரியரை நான் பழிப்பதில்லை. பசியோடு கற்பிக்கும்படி எவரையும் கேட்க முடியாது. போதிய சம்பளத்தைக் கேட்பதும் நேர்மைக்கான போராட்டத்தின் ஒரு பகுதியே.

இதனினும் கடினமான சோதனை சபையிலிருந்தே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் நிர்வாகக் குழுச் செயலாளராக நான் தெரிவு செய்யப்பட்டிருந்தேன். அயலிலே, பலரும் விரும்பித் தேடும் பாடசாலை ஒன்று இருக்கின்றது. முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பதற்குச் சபை அங்கத்துவத்தை உறுதிப்படுத்தும் கடிதம் அங்கே பெரிதும் உதவும். அக்கடிதத்தில் ஒப்பமிடும் பொறுப்பு செயலாளருடையது.

ஒருநாள் மாலை ஒரு தாய் வந்தார். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு வேலை செய்பவர், கணவர் இல்லை. எங்கள் சபையின் பதிவேட்டில் அவர் பெயரும் இல்லை.

"மாஸ்ரர், ஒரு கடுதாசிதானே. நீங்கள் ஒரு சொல்லு எழுதினால் என்ரை பிள்ளை மனிசனாயிடும். வேணுமெண்டால் ஞானஸ்நானமும் எடுக்கிறம்," என்றார்.

ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடு என் கண்முன் விரிந்தது. பிழைக்கும் வழிக்கும் சமயத்துக்கும் இடையே நாம் இன்னமும் அதே கதவைத்தான் வைத்திருக்கின்றோமா?

"அக்கா, நீங்கள் சமயம் மாறவும் வேண்டாம், நான் பொய் எழுதவும் மாட்டன். ஆனால் பிள்ளையின்ரை படிப்புக்கு என்ன செய்யலாமெண்டு இரண்டு பேரும் யோசிப்பம்," என்றேன்.

அவர் முகம் வாடியது. தமிழ் படித்தவன் ஆதலின் வள்ளுவர் என் துணைக்கு வந்தார். என்னை எதிர்க்கவும் வந்தார். பிறர்க்குத் தீங்கு விளைவிக்காத சொல்லே வாய்மை என்பது அவர் வகுத்த இலக்கணம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்றும் அவரே கூறுகின்றார். அவ்வாறாயின் அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாகாதா? இதனை நான் பல கோணங்களில் ஆராய்ந்தேன். அப்பாடசாலையில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பொய்க் கடிதத்தால் ஒரு பிள்ளைக்கு ஓரிடம் கிடைப்பின், கடிதம் பெற வழியற்ற மற்றொரு பிள்ளை அவ்விடத்தை இழக்கும். அந்தப் பிள்ளையின் தாய் என் வாசலில் வந்து நிற்கவில்லை என்பதனாலேயே அவளுக்குத் தீங்கில்லை என்று ஆகிவிடாது. கண்ணுக்குத் தெரியும் ஏழைக்காகக் கண்ணுக்குத் தெரியாத ஏழையைக் கைவிடும் நன்மை குற்றமற்ற நன்மையாகாது. ஆகவே கடிதத்தை மறுத்தது சரியே என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகின்றேன்.

ஆனால் கதை அவ்வளவில் முடியவில்லை. அதே வாரத்தில் வசதி படைத்த கனவான் ஒருவரும் வந்தார். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. ஆனால் அவர் வசிப்பது வேறோர் ஊரில், கோயிலுக்கு வருவது நத்தாருக்கு மாத்திரம். ஒழுங்காக ஆராதனைக்கு வரும் அங்கத்தவர் என்று நான் எழுதித் தரவேண்டும் என்றார். அவருக்கும் மறுத்தேன். அவர் முகம் வாடவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். சில நாட்களில், என்னிலும் உயர்ந்த இடத்திலிருந்து அவருக்குக் கடிதம் கிடைத்துவிட்டதென்று அறிந்தேன்.

இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கின்றது. இருவரிடமும் நான் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினேன். ஆயினும் செல்வர் வேறொரு வாசலால் நுழைந்தார். ஏழைத்தாயோ வெளியே நின்றார். சமனற்ற சமூகத்திலே ஒருவனின் தனிப்பட்ட நேர்மை, அவன் விரும்பாமலே, ஏழைக்கு மாத்திரம் பூட்டப்படும் கதவாகிவிடுகின்றது. 'நான் பொய் சொல்லவில்லை' என்று கைகழுவிவிட்டு நித்திரை கொள்பவன் பிலாத்துவின் தண்ணீரிலேதான் கை கழுவுகின்றான். பொய் சொல்லாதிருத்தல் முதற்படி. பொய் சொல்லாமல் ஏழை வாழக்கூடிய நிலைமையை உண்டாக்குதல் அடுத்தபடி. இரண்டாவது படியில் ஏறாதவனுக்கு முதற்படியிற் பெருமைப்பட உரிமையில்லை.

ஆகவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரு பிரேரணைகளை முன்வைத்தேன். சபையிலிருந்து வழங்கப்படும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் எவரும் பார்வையிடக்கூடிய பதிவேடொன்றில் வைக்கப்படல் வேண்டும் என்பது ஒன்று. அயலிலுள்ள சிறிய அரசாங்கப் பாடசாலையின் பிள்ளைகளுக்கு, சமய வேறுபாடின்றி, வாரத்தில் மூன்று மாலைகள் எங்கள் மண்டபத்தில் இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்பது மற்றையது. அந்தத் தாய் எதற்காக அருகிலிருக்கும் பாடசாலையை விட்டுத் தூரத்துப் பாடசாலையை நாடினார்? அருகிலிருப்பது கவனிப்பாரற்றுக் கிடந்தமையால் அன்றோ? அதனை நாம் கவனித்தால் எவரும் பொய்க் கடிதத்துக்கு அலைய வேண்டியதில்லையே என்று வாதிட்டேன்.

முதலாவது பிரேரணை முணுமுணுப்போடு நிறைவேறியது. இரண்டாவது எழுந்தபோது மண்டபத்திற் சிறிது நேரம் மௌனம் நிலவியது. பின்னர் முதியவர் ஒருவர், மிகவும் அமைதியாக, "கற்பிக்கிறது நல்ல காரியந்தான். ஆனால் ஆர் ஆர் வந்து அந்த வாங்கிலுகளிலை இருப்பினமோ தெரியாதே," என்றார்.

அவர் எதனைக் குறிப்பிட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் விளக்கங் கேட்கவில்லை. தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்த பிள்ளைகளை வாங்கில் இருக்க விடாது நிலத்தில் இருத்திய பாடசாலைகள் ஒருகாலத்தில் இக்குடாநாட்டில் இருந்தன. சம ஆசனத்துக்கான கிளர்ச்சி 1920களிலும் 1930களிலும் நடந்தேறியது. அன்று பாடசாலை வாங்கிலே கிடைத்த சமத்துவம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னும் கோயில் மண்டபத்து வாங்குக்கு வந்து சேரவில்லை என்பதை அன்று கண்டேன். அந்த முதியவர் தீயவர் அல்லர். குடிக்காதவர், பொய் பேசாதவர், நாள்தோறும் வேதம் வாசிப்பவர். நமது பாவப் பட்டியலின்படி குற்றமற்றவர். பட்டியலே குற்றமுடையது.

கொரிந்து நகரத்துச் சபையாருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தில், கர்த்தருடைய பந்திக்கு வந்தோரிற் சிலர் பசித்திருக்கச் சிலர் வெறிகொள்வதை அவர் கடுமையாகக் கண்டிக்கின்றார். பந்தி ஒன்றாகவும் பாத்திரம் ஒன்றாகவும் இருந்தும் உள்ளம் இரண்டாக இருப்பின், அது கர்த்தருடைய பந்தியே அன்று என்பது அவர் கருத்து. இதனை எடுத்துக் கூறினேன். அரசியல் பேசுகிறீர் என்றனர். பிரேரணை தோற்றது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் செயலாளராகத் தெரிவு செய்யப்படவுமில்லை. ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கிய சிலர் இப்போது மறுவாசலால் வெளியேறுகின்றனர். சிறிய ஊரில் வாழ்பவருக்கு இது சிறிய இழப்பன்று. பிள்ளையின் பிறந்தநாளுக்கு யார் வருகின்றார்கள், மரணவீட்டில் யார் தோள் கொடுக்கின்றார்கள் என்பனவெல்லாம் இதனோடு பிணைந்தவை.

எனினும் வகுப்பு நின்றுவிடவில்லை. ஊர்ச் சனசமூக நிலையத்தார் தமது பத்திரிகை வாசிக்கும் அறையை மாலை வேளைகளில் எமக்குத் தந்தனர். அந்நிலையத்தின் தலைவர் கடவுளை நம்பாதவர், பழைய தொழிற்சங்கவாதி. கரும்பலகையை அவரே தம் சைக்கிளிற் கட்டிக் கொண்டுவந்தார். சபையிலிருந்து இரண்டு இளைஞர் துணிந்து வந்து கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கின்றனர். அந்தத் தாயின் மகன் அருகிலுள்ள பாடசாலையிலேயே சேர்ந்தான். மாலையில் எங்கள் வகுப்புக்கும் வருகின்றான். அவன் பெரும் பெறுபேறு எடுத்துவிட்டான் என்று எழுதி வாசகரை மகிழ்விக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவன் இன்னும் சிறுவன். வாசிக்கின்றான், தன் பெயரையும் தாயின் பெயரையும் எழுதுகின்றான், கேள்விகள் கேட்கின்றான். ஒரு மாலை வகுப்பினாற் சமூகம் மாறிவிடாது என்பதை நான் அறிவேன். பாடசாலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை நீக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது. அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு மக்களுடையது. ஆயினும், கேட்பதற்கு நேரம் வரும்வரை பிள்ளைகள் வளராது காத்திருக்க மாட்டார்கள்.

சுவிசேஷத்திலே சகேயு என்றொருவன் வருகின்றான். எரிகோ பட்டினத்து வரி அறவிடுவோருக்குத் தலைவன், செல்வன். அவன் வீட்டுக்கு இயேசு விருந்தினராகச் சென்றபோது, அவன் எழுந்து நின்று, தன் ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாகப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிச் செலுத்துவதாகவும் கூறுகின்றான். இக்கதையை நாம் மரத்தில் ஏறிய குள்ளனின் கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். மரத்திலிருந்து இறங்கிய பின் நடந்ததே கதையின் சாரம். அவன் கண்ணீர் விட்டதாகவோ, சாட்சி சொன்னதாகவோ அங்கு எழுதப்படவில்லை. கணக்குப் பார்த்தான் என்றே எழுதப்பட்டிருக்கின்றது. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு கூறுவது அந்தக் கணக்கைக் கேட்ட பின்னரே.

இதைப் படிக்கும் முற்போக்கு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. சமயம் மக்களை மயக்குகின்றது என்ற உங்கள் குற்றச்சாட்டிற் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கின்றேன். அம்மயக்கத்தை உள்ளே இருந்து காண்பவன் நான். ஆனால், அமைப்பு மாறும்வரை தனிமனித நேர்மையைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று கூறும் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. மேடையிலே தொழிலாளர் உரிமை பேசிவிட்டு வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடாதவரை நான் அறிவேன். அவருக்கும் எங்கள் பாடற்குழுவில் நின்ற பதுக்கல்காரருக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஒருவருக்கு ஞாயிறு வேறு, திங்கள் வேறு. மற்றவருக்கு மேடை வேறு, வீடு வேறு. அமைப்பை மாற்றப் புறப்படுவோரின் கைகள் சுத்தமாக இராவிடின், மாறிய அமைப்பும் பழைய அழுக்கையே சுமக்கும்.

சபையாருக்கு நான் வேண்டிக்கொள்வது புதிய கோட்பாடு எதனையும் அன்று. பிரசங்க மேடையிலிருந்து வழமையான வினாக்களோடு வேறு சில வினாக்களையும் கேளுங்கள். கடையில் உள்ள தராசைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்? பிள்ளையின் அனுமதிக்காகக் கொடுத்த ஆவணம் உண்மையானதா? உமது வீட்டில் தேநீர் எல்லோருக்கும் ஒரே குவளையிற்றானா கொடுக்கப்படுகின்றது? நேற்று மாலை உமது தோட்டத்திற் குனிந்து நின்று களை பிடுங்கியவளுக்கு, அவள் படலையைத் தாண்டுமுன் கூலி கொடுத்தீரா, அல்லது திங்கட்கிழமை வா என்று சொல்லிவிட்டு இங்கே பாட வந்தீரா? கொடுக்கவில்லையாயின், பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அவள் வீடு கோயிலிலிருந்து தூரமில்லை.